மஞ்சளுக்கு நடுவில் என் எழுத்து

ஜனவரி 5

முதலில் இந்தக் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். டைரியில் கோடு போட்டுத்தான் இருக்கிறது. ஆனாலும் என் எழுத்துகள் கோட்டில் உட்காரமாட்டேன் என்கின்றன. சில எழுத்துகள் மேல் கோட்டை இடிக்கின்றன, சில கீழே இறங்கிவிடுகின்றன. 'ழ' எழுதும்போது காகிதம் கிழிகிறது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஆயுள் முழுக்க மூட்டை தூக்கிய கை இது. பேனாவின் பாரம் அதற்குப் போதவில்லை என்று நினைக்கிறேன்.

என் பெயர் ஞானவேல். இதை நானே எழுதினேன். இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன். ஞானவேல்.

நானும் என் மனைவி பாவாத்தாளும் கருங்கல்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்புக்குப் போகிறோம். சொல்லிக்கொடுப்பது சுடர் என்ற பெண். பகலில் வீட்டிலிருந்தே ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை செய்கிறது. மாலையில் எங்களுக்கு. தாத்தா பாட்டி முறை வைத்து என்னை அப்புச்சி என்றும் அவளை அம்மாயி என்றும் கூப்பிடும்.

இன்று பேருந்து நிறுத்தத்தில் ஒரு பலகையை முழுதாகப் படித்தேன். 'வெளியூர்ப் பேருந்துகள் இங்கே நிற்காது' என்று இருந்தது. இத்தனை வருடமும் சென்னிமலை பஸ்ஸுக்கு நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

சந்தோஷமாக இருக்கிறது. கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

ஜனவரி 11

இன்று சுடர் எல்லாருடைய நோட்டுகளையும் வாங்கிப் பார்த்தது. கடைசியில் பாவாத்தாளின் நோட்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டது.

"அம்மாயி, உங்க எழுத்த நான் கம்ப்யூட்டர்ல ஏத்தறேன். அப்பறம் யாரு வேணும்னாலும் உங்க எழுத்துலயே அச்சடிக்கலாம்."

"என்ற எழுத்துலயா? அது கோழி கிளறுன மாதிரியல்ல கண்ணு இருக்குது."

"குண்டு குண்டா அழகா இருக்குது அம்மாயி. புதுசாப் படிக்கறவங்களுக்கு உங்க எழுத்துத்தான் சுலபமாப் புரியும்."

என் நோட்டையும் புரட்டியது. "அப்புச்சி எழுத்து நல்லா வேகமா இருக்குது" என்றது. நான் எழுதுவது மிக மெதுவாக. அது சுடருக்கும் தெரியும்.

எனக்கு இதில் ஒன்றும் வருத்தமில்லை. சாயங்காலம் ரசத்தில் உப்பு அதிகம்.

ஜனவரி 14

பொங்கல். பாவாத்தாள் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, சுடர் கொடுத்த கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, 'ண' வுக்குச் சுழி இன்னும் பெரிதாக இருக்கலாம் என்றேன்.

"நீங்க சித்தெ வெளிய போயிட்டு வாங்களேன் மாமா" என்றாள்.

போய்விட்டு வந்தேன்.

ஜனவரி 27

எழுத்து வெளியே வந்துவிட்டது. சுடர் அதை எழுத்துரு என்கிறது. அச்சுக் கடையில் ஃபாண்டு என்கிறார்கள். அதற்குப் பெயர் 'பாவாத்தாள்'.

இலவசம் என்று சுடர் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. "சும்மாவா குடுக்கறே?" என்று கேட்டேன்.

"சும்மாதான் அப்புச்சி. ஆனா லைசென்ஸ் இருக்குது. யாரும் எடுத்துப் பொழங்கலாம், திருத்தலாம். திருத்தி வெளிய குடுத்தா அதையும் இதே மாதிரி எல்லாருக்கும் குடுக்கணும். அதுதான் சட்டம்."

லைசென்ஸ் என்றால் லாரி ஓட்டுகிறவனுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்ததில் கோயில் அண்டா மாதிரி என்று புரிந்தது. விசேஷத்துக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். ஒருவன் கைப்பிடி போட்டுக் கொண்டுவந்து வைத்தால் அடுத்தவனுக்குக் கைப்பிடியோடு கிடைக்கும். தன் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ளக் கூடாது.

இதைச் சொன்னேன். "அப்புச்சிக்கு எங்க மேனேஜரை விட நல்லாப் புரியுது" என்றது. பாவாத்தாளுக்கும் கேட்கட்டும் என்று அதை வீட்டுக்கு வந்து ஒருமுறை சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 6

ஊரெல்லாம் அவள் எழுத்து. டீக்கடையில் 'கடன் கேட்காதீர்' அவள் எழுத்து. டெய்லர் கடை அவள் எழுத்து. மினி பஸ்ஸின் முதுகில் அவள் எழுத்து. காதுகுத்துக்கு வைத்த பேனரில் மாமன்மார் பெயரெல்லாம் அவள் எழுத்து.

டீக்கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி, "இவுரு யாரு தெரியுமுங்ளா? பாவாத்தாக்கா வூட்டுக்காரரு" என்றார். மண்டியில் நான் ஞானவேலண்ணன். இப்போது வூட்டுக்காரர்.

டீ நன்றாக இல்லை.

பிப்ரவரி 10

இன்று நல்ல நாள். எழுதுவதற்கு நிறைய இருக்கிறது. மெதுவாக எழுதுகிறேன்.

எங்கள் மண்டியில் புதிதாகப் பெரிய பலகை வைத்தார்கள். அதுவும் பாவாத்தாள் எழுத்து. காலையில் மண்டிக்காரர் போன் செய்தார். "ஏனுங்ணா, உங்க வூட்டுல எழுதிக் குடுத்ததுல என்னமோ குறையுதுங்ணா. வந்து பாருங்."

போய்ப் பார்த்தேன். 'ம' இருந்தது. 'சள்' இருந்தது. நடுவில் ஒரு வெற்றுக் கட்டம். மஞ்சள் மண்டிப் பலகையில் மஞ்சள் இல்லை. கூலிக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தது போதாது என்று எதிர்ப்பக்கம் போய் நின்று இன்னொரு தரம் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது பாவாத்தாள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதற்குள் சுடர் வந்துவிட்டது. அந்தக் கட்டம் போட்ட தாளைக் கொண்டுவந்திருந்தது. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்க, 'ஞ' கட்டம் மட்டும் காலி.

"நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றது சுடர். "இப்ப எழுதிக் குடுங்க அம்மாயி."

"அது வேண்டாங் கண்ணு."

"ஏன் அம்மாயி?"

பாவாத்தாள் என்னைப் பார்க்கவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அது இவிங்க எழுத்து. பேரே அதுலதான ஆரம்பிக்குது. வாயாலயே சொன்னதில்ல. கையால எப்பிடி எழுதறது? எழுதப் போனா, இவிங்க எதுக்கால வந்து நிக்கற மாதிரி இருக்குது."

அவள் என் பெயரைச் சொன்னதில்லை என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையைக் கூடக் கறி நாள் என்றுதான் சொல்வாள். வகுப்பிலும் அந்த வரிசையை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறாள். நான் ஆண்கள் பக்கம் உட்காருவதால் பார்க்கவில்லை.

அவள் வைத்த காப்பி ஆறிவிட்டது. ஆறின காப்பியும் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 12

ஒருவன் 'ஞ' எழுதி அனுப்பியிருக்கிறான்.

பினாங்கில் இருக்கிறானாம். பெயர் லெட்சுமணன். அவனும் அங்கே வயதானவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான். பாவாத்தாள் எழுத்தை எடுத்துப் பயிற்சி கொடுக்கும்போது ஓட்டை தெரிந்ததாம். அவளுடைய 'ங' வையும் 'ந' வையும் பார்த்து, அவள் எழுதினால் எப்படி எழுதுவாளோ அப்படியே வரைந்திருக்கிறான். சுடர் போனில் காட்டியது. அச்சாக அவள் எழுத்து. அழகாகத்தான் இருந்தது.

"பாத்தீங்களா அப்புச்சி, திறந்து வெச்சா யாரோ ஒருத்தர் வந்து ஓட்டைய அடைச்சுடறாங்க."

என் பெண்டாட்டியின் எழுத்துகளுக்கு நடுவில், என் எழுத்தை, கடல் தாண்டி ஒருவன் வந்து போடுவதா?

"அத நான் எழுதறேன்" என்றேன்.

சுடர் என்னைப் பார்த்தது. அப்புறம் பாவாத்தாளைப் பார்த்தது. அவள், "எழுதட்டும் கண்ணு. அவிங்களுதுதான" என்றாள்.

பிப்ரவரி 15

ஞ ஞ ஞ ஞ ஞ ஞ ஞ

பிப்ரவரி 18

கொடுத்துவிட்டேன். என் 'ஞ' மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு நிற்கிறவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சுடர் அதைத் திருத்தாமல் அப்படியே ஏற்றியது. எழுதியவர்கள் என்ற இடத்தில் இப்போது பாவாத்தாளுக்குக் கீழே என் பெயர்.

லெட்சுமணன் பதில் போட்டிருக்கிறான். 'ஐயாவின் எழுத்தே இருக்கட்டும், அதுதான் முறை.' நல்ல மனிதன். இருந்தாலும் அவனுடையது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மண்டிப் பலகையை மாற்றினார்கள். "எல்லா எழுத்தும் உருண்டையா இருக்குது, நடுவுல ஒண்ணு மட்டும் ஏனுங்ணா நொண்டுது?" என்று கேட்டார் மண்டிக்காரர்.

"அது நான்" என்றேன்.

மார்ச் 2

இரண்டு வாரமாக எழுதவில்லை. மஞ்சள், கொஞ்சம், இஞ்சி, பஞ்சு, அஞ்சல் என்று எங்கெல்லாம் என் எழுத்து வருகிறது என்று தேடிக்கொண்டு அலைந்தேன். இருக்கிற இடங்கள் குறைவு. அவளுடைய 'க' இல்லாத பலகையே கிடையாது.

இன்று சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். பிள்ளைகள் போனில் படிக்கிற பாடங்களைச் செய்கிற கம்பெனி. பெயர் நிரஞ்சன். அவர் பெயரிலேயே என் எழுத்து இருக்கிறது. அதனால் முதலிலேயே பிடித்துவிட்டது.

எழுத்து முழுவதையும் கம்பெனி பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறதாம். கணவன் ஒரு எழுத்து, மனைவி மற்ற எழுத்தெல்லாம் என்ற கதை அவர்கள் முதலாளிக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம். எங்கள் இருவரையும் படம் எடுத்துப் போடுவார்களாம்.

"பேர் மட்டும் மாத்தறோம் சார். பாவாத்தாள்னா சிட்டிப் பசங்களுக்கு வாயில நுழையாது. 'ஞானவேல்' னு வைக்கலாம்னு இருக்கோம். முருகன் பேரு, சட்டுனு பதியும்."

நான் அவரை இன்னும் ஒரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

பாவாத்தாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப என்ற பேரு?"

"உள்ள இருக்கும்மா. கடைசிப் பக்கத்துல கண்டிப்பா போடுவோம்."

அவர் போன பிறகு சுடர் விளக்கியது. ஏற்கெனவே எழுத்தை இறக்கி வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் எல்லாரும் இறக்கிக்கொள்கிற பொதுப் பக்கத்தை மூடிவிட வேண்டும். இனிமேல் வருவதைத் திருத்துவதும் சேர்ப்பதும் கம்பெனி மட்டும்தான். புதிதாக வேண்டுகிறவர்கள் வருடா வருடம் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

"அண்டாவ வூட்டுல வெச்சுப் பூட்டிட்டு வாடகைக்கு உடறாங்க" என்றாள் பாவாத்தாள். அண்டா நான் சொன்னது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"எழுதுனவங்க சம்மதிச்சாத்தான் பழைய சட்டத்த மாத்த முடியும். அம்மாயி எழுதுனதுக்கு அம்மாயி கையெழுத்து வேணும், அப்புச்சி எழுதுனதுக்கு அப்புச்சி கையெழுத்து வேணும்" என்றது சுடர். "ஒருத்தர் வேண்டாம்னாலும் விட்டுரலாம். நான் இதுல ஒண்ணும் சொல்ல மாட்டேன். எழுத்து உங்களுது."

"அவிங்க சொல்றது எனக்குச் சரி" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் பலமாகக் கேட்டது.

மார்ச் 5

ஞானவேல். ஊரெல்லாம் ஞானவேல். பஸ் முதுகில் ஞானவேல் எழுத்து. டீக்கடைக்காரர் அவளைக் காட்டி, "ஞானவேலண்ணன் வூட்டுக்காரி" என்பார்.

இதில் பாவாத்தாளுக்குத்தான் நன்மை. வீடு ஒழுகுகிறது. அவளுக்கும் வயதாகிறது. நான் அவளுக்காகத்தான் சரி என்று சொல்கிறேன்.

மார்ச் 7

சோறு வைக்கும்போது கேட்டாள். "அது என்ன எழுத்துன்னு யாராச்சும் எங்கிட்டக் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"பேரச் சொல்லு."

"எப்பிடிச் சொல்றது?"

அவள் என் பெயரைச் சொல்லமாட்டாள் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. "எங்க வூட்டுக்காரரு எழுத்துன்னு சொல்லேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் மோர் ஊற்றினாள்.

மார்ச் 9

லெட்சுமணன் சுடருக்கு எழுதியிருக்கிறான். கம்பெனி கேட்பதைச் சுடர் சொல்லியிருக்கிறது. 'அது அவர்கள் உரிமை. நாங்கள் வைத்திருப்பதை வைத்துக்கொள்கிறோம்' என்று எழுதிவிட்டுக் கடைசியில் ஒன்று சேர்த்திருக்கிறான். அவன் வகுப்பில் உள்ள பெரியவர்களுக்கு எல்லாவற்றையும்விட என் 'ஞ' தான் பிடிக்குமாம். கோணலாக இருப்பதால் தங்களுக்கும் எழுத வரும் என்று தைரியம் வருகிறதாம்.

இதைச் சுடரை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். பிறகு போனை வாங்கி நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

மார்ச் 12

இன்று கையெழுத்துப் போடுகிற நாள். நிரஞ்சன் வந்தார். காரில் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார், போட்டுக்கொண்டேன். பாவாத்தாள் கல்யாணத்துக்குப் போகிற சேலை கட்டியிருந்தாள். முகம் இழவுக்குப் போகிற முகம்.

அகலமான போன் ஒன்றில் மாதிரி காட்டினார். திரை முழுக்க ஒரே வார்த்தை. ஞானவேல். என் வாழ்நாளில் என் பெயரை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ சரியில்லை.

"இது யாரோட 'ஞ'?" என்று கேட்டேன்.

"உங்களோடதுதான் சார். லைட்டா நிமித்தியிருக்கோம். எங்க ஆர்ட்டிஸ்ட் பண்ணது."

நேராக நின்றது. தோளில் மூட்டை இல்லை. பள்ளிக்கூடம் போன 'ஞ'. இதற்கு லெட்சுமணனுடையதையே வைத்திருக்கலாம்.

"பின்னால தள்ளுங்க. இவ பேரப் பாக்கோணும்" என்றேன். தள்ளினார், தள்ளினார், கடைசியில் வந்தது. எறும்பு மாதிரி சின்னதாக. அதுவும் அவளுடைய குண்டு எழுத்தில் இல்லை. வேறு ஏதோ அச்சு எழுத்து.

"என்னன்னு போட்டிருக்குது?" என்று பாவாத்தாள் கேட்டாள். அவள் என்னைவிட வேகமாகப் படிப்பாள். ஆனாலும் என்னைக் கேட்டாள்.

"பா-வாத்-தாள்" என்று கூட்டிப் படித்தேன். நானும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல காலம் ஆகிறது.

சுடர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிரஞ்சன் பேனாவை மூடி கழற்றி என் கையில் கொடுத்தார். நல்ல கனமான பேனா.

முழங்கால் வலித்தது. அதனால் கையெழுத்துப் போடவில்லை.

"முழங்காலுக்கும் கையெழுத்துக்கும் என்ன சார்?" என்றார் நிரஞ்சன்.

"உனக்கு மூட்டை தூக்கிப் பழக்கமில்ல சாமி, சொன்னாப் புரியாது" என்றேன்.

அவர் நல்ல பிள்ளை. கோபப்படாமல் காப்பி குடித்துவிட்டுப் போனார். வகுப்பில் வேறு யாராவது நன்றாக எழுதுவார்களா என்று போகும்போது சுடரைக் கேட்டார்.

மார்ச் 13

காலையில் பாவாத்தாள் தேங்காய்ச் சட்னி அரைத்திருந்தாள். வீடு இன்னும் ஒழுகத்தான் செய்கிறது.

மார்ச் 22

கம்பெனி செல்லக்காளின் எழுத்தை வாங்கிவிட்டது.

செல்லக்காள் எங்களோடு படிக்கிறவள். மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவள். அவள் எழுதியதெல்லாம் அவள் ஒருத்தியுடையதுதான், இன்னொருவர் கையெழுத்துத் தேவைப்படவில்லை. அவள் பெயரிலேயே போடுகிறார்களாம். செல்லம் என்று சுருக்கி.

வெள்ளிக்கிழமை அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போகக் கார் வருகிறது. அதே கார்.

"அவ எழுத்து அப்பிடியொண்ணும் அழகில்ல" என்றாள் பாவாத்தாள்.

"ஆமா" என்றேன்.

"'ழ' வுக்கு வாலே கிடையாது."

"'ற' வப் பாத்தியா? குந்த வெச்ச மாதிரி இருக்கும்."

இரண்டு பேரும் வெகுநேரம் இதையே பேசினோம். இவ்வளவு ஒத்துப்போய் நாங்கள் பேசி எத்தனையோ காலம் ஆகிறது.

மார்ச் 23

வகுப்பில் செல்லக்காள் முந்தானையால் நோட்டை மூடிக்கொண்டு எழுதினாள். பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி தன் இட்லிப்பொடிப் பாக்கெட்டுக்கு ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னாள். இதுவரை அவளுக்குச் செல்லக்காள்தான் எழுதிக் கொடுப்பாள்.

"இனிமேக் குடுக்கக் கூடாது அம்மிணி. கம்பெனியில எழுதி வாங்கிட்டாங்க. என்ற எழுத்து வெளிய போனா கேஸாயிரும்."

"அப்பிடியெல்லாம் இல்ல, கையால எழுதறது எப்பவும் உங்களுதுதான்" என்று சுடர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. செல்லக்காள் நம்பவில்லை. அவள் கண்ணில் பயம் இருந்தது. ஆனால் புதுச் சேலை கட்டியிருந்தாள்.

பாவாத்தாள் எழுந்துபோய் அந்தச் சீட்டை வாங்கினாள். "காரம் அதிகமா, கம்மியா?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி கேட்டாள். 'இட்லிப்பொடி, காரம் அதிகம்' என்று குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தாள். அப்புறம் இன்னொருத்தி வந்தாள், இன்னொருத்தி வந்தாள். வகுப்பு முடிகிறவரை அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். நான் தாள் கிழித்துக் கொடுத்தேன்.

திரும்பி வரும்போது, "அந்தக் காருல ஏ.சி. இருக்குமுங்ளா?" என்று கேட்டாள்.

"இருக்கும்" என்றேன்.



வெள்ளிக்கிழமை போகிற செல்லக்காள் திங்களன்று வகுப்புக்கு வந்துவிடுவாள். சென்னையில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அவளாகவே சொல்லுவாள். சொன்னதையெல்லாம் அடுத்த வாரம் ஒன்று விடாமல் இதில் எழுதிவிடுகிறேன்.